நிட், பர்ல் ரெண்டே போதும்: போர்வைச் சதுரத்தில் ஒரு பூனை முகம்

பூனை, முயல், கரடி என்று மிருக உருவம் புடைத்துத் தெரிகிற பின்னல் போர்வைகளைப் பார்த்தால், இதெல்லாம் பல வருஷம் கை பழகியவர்கள் வேலை, நமக்கு ஆகாது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அதில் பல ஒரே நிற நூல், ரெண்டு ஊசி, நிட், பர்ல் என்ற ரெண்டு வகைக் கண்ணி, இவற்றை வைத்தே செய்தவை. நிறம் மாற்றுவது கிடையாது, கண்ணி கூட்டுவது குறைப்பது கிடையாது, தனியாகத் தைத்து ஒட்டுவதும் கிடையாது. ஒரு மஃப்ளர் பின்னத் தெரிந்தவர் இந்தச் சதுரத்தையும் பின்னிவிடலாம். கூடுதலாகத் தேவைப்படுவது ஒன்றுதான்: ஊசியில் தொங்கும் துணியைப் பார்த்து, இது என்ன கண்ணி என்று கண்ணால் படிக்கத் தெரியவேண்டும். அது வந்துவிட்டால் பேட்டர்ன் தாளைக்கூட அடிக்கடி பார்க்கவேண்டியிருக்காது. அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம்.

முதலில் ஒரு பனியனையோ பழைய டி-ஷர்ட்டையோ எடுத்து வெளிச்சத்தில் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். வெளிப்பக்கம் ஆங்கில ‘வி’ எழுத்து மாதிரிச் சின்னச் சின்னக் கண்ணிகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும். அதையே உள்பக்கம் திருப்பினால் ‘வி’ ஒன்றும் இருக்காது, குறுக்கே ஓடுகிற சிறு சிறு புடைப்புகள்தான் தெரியும். திருப்பூரில் சிங்கிள் ஜெர்சி என்று மெஷினில் ஓட்டுகிற துணி இதுதான். கையால் பின்னுகிறவர்கள் இதே அமைப்பை ஸ்டாக்கினெட் என்பார்கள். அளவுதான் வேறு, பனியனில் ஒரு கண்ணி ஊசிமுனை அளவு, நம் போர்வையில் அது அரை சென்டிமீட்டர்.

இப்போது விஷயம் என்னவென்றால், நிட்டும் பர்லும் ரெண்டு தனித்தனிக் கண்ணிகள் கிடையாது. ஒரே கண்ணியின் முன்முகமும் பின்முகமும்தான். பழைய கண்ணிக்குள் புது நூலைப் பின்னாலிருந்து முன்னால் இழுத்தால் நிட், உங்கள் பக்கம் ‘வி’ தெரியும். முன்னாலிருந்து பின்னால் தள்ளினால் பர்ல், உங்கள் பக்கம் புடைப்பு தெரியும். நிட் போட்ட இடத்தைத் துணியைத் திருப்பிப் பார்த்தால் அது பர்ல், பர்ல் போட்ட இடத்தைத் திருப்பிப் பார்த்தால் அது நிட். அப்படியானால் ஒரு ‘வி’ மைதானத்தின் நடுவே பூனை முகம் வருகிற இடத்தில் மட்டும் புடைப்பைக் காட்டினால்? அதுதான் நாம் செய்யப்போவது. இன்னொரு லாபமும் உண்டு: துணியின் பின்பக்கம் அதே பூனை தலைகீழாக, அதாவது புடைப்பு மைதானத்தில் ‘வி’ பூனையாகத் தெரியும். பல நிற நூல் வைத்துப் பின்னும் படங்களில் பின்னால் நூல்கள் நீளமாகத் தொங்கும், குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. 1649-ல் தலை வெட்டப்பட்ட இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் அன்று போட்டிருந்ததாகச் சொல்லப்படுகிற பட்டுப் பின்னல் மேல்சட்டை ஒன்று லண்டன் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் உடல் முழுக்க ஓடும் அலங்காரமும் இதே ஒற்றை நிற நிட்-பர்ல் வேலைதான். பிரிட்டனின் மீன்பிடித் துறைமுகங்களில் கருநீல ஸ்வெட்டரில் நங்கூரம், ஏணி, கொடி என்று பின்னிப் போட்டார்கள், அதுவும் இதே வழிதான். அரசருக்கும் மீனவருக்கும் ஒரே வித்தை, நமக்கு மட்டும் வராமல் போகுமா என்ன.

சரி, சாமான் வாங்குவோம். நூல் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். வெளிர் நிறம், வழவழப்பான நூல், ஒரே நிறம். கிரீம், வெளிர் சாம்பல், ஆகாய நீலம், இளம் பச்சை, எது வேண்டுமானாலும். கறுப்பிலும் கருநீலத்திலும் புடைப்பின் நிழல் எடுப்பாகத் தெரியாது, நிழல் தெரியாவிட்டால் பூனையும் மங்கிவிடும். ஒரே உருண்டையில் பல நிறம் மாறி மாறி வருகிற நூல் கடையில் பார்க்க ரொம்ப அழகாக இருக்கும், அதில் இந்த வேலை செய்தால் நிறக்கோடுகள்தான் கண்ணில் படும், முகம் காணாமல் போய்விடும். ரோமம் ரோமமாக நிற்கிற நூலும் வேண்டாம். வர்த்மான், கங்கா மாதிரிப் பெயர்களில் அக்ரிலிக் நூல் நம்மூர்க் கடைகளிலேயே கிடைக்கிறது. வாஷிங் மெஷினில் போடலாம், விலையும் கையைக் கடிக்காது, கற்றுக்கொள்ள அது போதும். பருத்தி நூலில் உருவம் இன்னும் கூர்மையாக விழும், நம் வெயிலுக்கும் அதுதான் சுகம், ஆனால் பருத்திக்கு இழுவை இல்லாததால் புதுக் கைக்குச் சீக்கிரம் வலி எடுக்கும். உருண்டையைச் சுற்றியிருக்கும் தாளில் 4.5 அல்லது 5 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால் அந்தப் பருமன் நமக்குச் சரி. 50 கிராம் உருண்டையில் ஏறக்குறைய ரெண்டு சதுரம் வரும்.

ஊசி 4.5 மி.மீ. வாங்குங்கள். போனி என்ற பெயரில் வருகிற ஊசிகள் நீலகிரியில் கேத்தி பக்கத்தில் செய்யப்படுபவை, கடைகளில் அதுதான் அதிகம் கண்ணில் படும். எண் கேட்டு வாங்கும்போது கவனம். நம்மூரில் இன்னும் பழைய பிரிட்டிஷ் எண் புழங்குகிறது, அதில் எண் கூடக்கூட ஊசி மெலியும், 10 என்றால் 3.25 மி.மீ.தான். அமெரிக்க எண் இதற்கு நேர் எதிர், கூடக்கூடப் பருக்கும். வேடிக்கையாக 7-ல் மட்டும் ரெண்டும் ஒன்றாகச் சந்திக்கின்றன: எந்தக் கணக்கிலும் 7 என்றால் 4.5 மி.மீ. நமக்கு வேண்டியதும் அதேதான் என்பதால் இந்த முறை தப்பித்தோம், இருந்தாலும் மி.மீ. பார்த்து வாங்கும் பழக்கம் நல்லது. இதோடு முனையில் கொக்கி வைத்த குரோஷா ஊசி ஒன்று, நூல் கோர்க்க மழுங்கின முனை ஊசி ஒன்று, அடையாளத்துக்கு ரெண்டு மார்க்கர். மார்க்கர் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை, வேறு நிற நூலில் சின்ன வளையம் கட்டி ஊசியில் மாட்டினால் போதும்.

நம் சதுரம் 33 கண்ணி அகலம், 50 வரிசை உயரம், முடித்தால் சுமாராக 16.5 செ.மீ. சதுரம். 10 செ.மீ.க்கு 20 கண்ணி, 28 வரிசை என்ற கணக்கில் போட்டது. உங்கள் கை இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் சின்னதாக வரும், தளர்வாக இருந்தால் பெரிதாக வரும். போர்வையின் எல்லாச் சதுரமும் ஒரே கையில், ஒரே நூலில் வரும்வரை அதில் பிரச்சினை இல்லை. நாலு பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் பின்னுவதாக இருந்தால்தான் அளவுச் சண்டை வரும்.

ஏன் ஓரம் வேண்டும்? மறுபடி அந்த டி-ஷர்ட்டுக்கே போவோம். வேண்டாத பழசு என்றால் ஒரு துண்டு வெட்டி இழுத்துப் பாருங்கள், பக்கவாட்டு விளிம்பு பின்னோக்கிச் சுருளும், மேல் கீழ் விளிம்பு முன்னோக்கிச் சுருளும். ஸ்டாக்கினெட்டின் பிறவிக் குணம் அது, இஸ்திரி போட்டாலும் போகாது. அதனால் சுற்றிலும் கார்ட்டர் என்கிற ஓரம் வைக்கிறோம். கார்ட்டர் என்றால் எந்தப் பக்கம் திருப்பினாலும் நிட் மட்டுமே போடுவது. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருப்பதால் அது எந்தப் பக்கமும் சுருளாமல் தட்டையாகக் கிடக்கும். இரு பக்கமும் 4 கண்ணி, மேலும் கீழும் 6 வரிசை, இதுதான் நம் சட்டகம். நடுவில் 25 கண்ணி மிச்சம், பூனை அதற்குள்தான்.

பூனை முகத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. பேட்டர்ன் படங்கள் துணியின் நல்ல பக்கத்தை, அதாவது வெளியே தெரியும் பக்கத்தைக் காட்டும். அதைக் கீழிருந்து மேலாகப் படிக்கவேண்டும், நல்ல பக்க வரிசையை வலமிருந்து இடமாக, உள்பக்க வரிசையை இடமிருந்து வலமாக. முதல்தடவை செய்பவர்களுக்கு இங்கேதான் குழப்பம், பாதிப் பேர் யானை வலப்பக்கம் பார்க்கவேண்டிய இடத்தில் இடப்பக்கம் பார்க்கவைத்துவிடுவார்கள். நேராகப் பார்க்கிற முகத்தில் இடமும் வலமும் ஒன்று. எந்தத் திசையில் படித்தாலும் பூனை பூனைதான்.

செய்முறைக்கு வருவோம். 33 கண்ணி ஏற்றிக்கொள்ளுங்கள். 1 முதல் 6 வரை எல்லா வரிசையும் நிட். ஒற்றைப்படை வரிசைகள் நல்ல பக்கம், இரட்டைப்படை உள்பக்கம், இதைக் கடைசிவரை நினைவில் வையுங்கள். ஏற்றிய விளிம்பில் தொங்குகிற நூல்வால் எந்தக் கைப்பக்கம் இருக்கும்போது நல்ல பக்கம் தெரிகிறது என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால் பிறகு குழம்பாது.

7ஆம் வரிசையில் முதல் 4 கண்ணி நிட், மார்க்கர் மாட்டி, 25 கண்ணி நிட், இன்னொரு மார்க்கர், கடைசி 4 நிட். 8ஆம் வரிசையில் 4 நிட், நடுவில் 25 பர்ல், 4 நிட். இந்த ரெண்டையும் மாற்றி மாற்றி 12ஆம் வரிசை வரை போங்கள். இது பூனையின் தாடைக்குக் கீழே உள்ள வெற்றிடம்.

13-லிருந்து முகம் தொடங்குகிறது. கீழே கொடுத்திருப்பது மார்க்கருக்கு நடுவில் உள்ள 25 கண்ணிக்கு மட்டும். ரெண்டு ஓரத்திலும் 4 நிட் எப்போதும் உண்டு, ஒவ்வொரு வரியிலும் எழுதவில்லை.

13: நிட் 9, பர்ல் 7, நிட் 9
15: நிட் 7, பர்ல் 11, நிட் 7
17: நிட் 5, பர்ல் 15, நிட் 5
19: நிட் 4, பர்ல் 17, நிட் 4
21: நிட் 4, பர்ல் 7, நிட் 3, பர்ல் 7, நிட் 4 (மூக்கு)
23: 19 மாதிரியே
25, 27: நிட் 4, பர்ல் 3, நிட் 3, பர்ல் 5, நிட் 3, பர்ல் 3, நிட் 4 (கண்கள்)
29, 31: 19 மாதிரியே
33: நிட் 4, பர்ல் 7, நிட் 3, பர்ல் 7, நிட் 4 (காது தொடங்குகிறது)
35: நிட் 4, பர்ல் 5, நிட் 7, பர்ல் 5, நிட் 4
37: நிட் 4, பர்ல் 3, நிட் 11, பர்ல் 3, நிட் 4

14, 16 என்று வரும் இரட்டைப்படை வரிசைகள் எங்கே போயின என்று கேட்பீர்கள். அவற்றுக்கு எழுத்தே வேண்டாம், அங்கேதான் துணியைப் படிக்கும் வேலை வருகிறது. துணியைத் திருப்பினதும் இடக்கை ஊசியில் இருக்கும் ஒவ்வொரு கண்ணியின் அடியையும் பாருங்கள். கண்ணியின் கழுத்தை ஒட்டி ஒரு புடைப்பு உட்கார்ந்திருந்தால் பர்ல் போடுங்கள். கழுத்தில் ஒன்றும் இல்லாமல் கீழே ‘வி’யாக இறங்கினால் நிட் போடுங்கள். எதைப் பார்க்கிறீர்களோ அதையே போடுவது, அவ்வளவுதான். 13-ல் 7 பர்ல் போட்டீர்களே, உள்பக்கம் திருப்பினதும் அந்த ஏழும் ‘வி’யாகத் தெரியும், அதில் நிட். மற்றது புடைப்பாகத் தெரியும், அதில் பர்ல். ரெண்டு மூணு வரிசை தாண்டுவதற்குள் விரல் தானாகப் போகும்.

இந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு, ஓரத்து 4 கண்ணிகள். அங்கே புடைப்பு தெரிந்தாலும் நிட்தான். மார்க்கர் மாட்டச் சொன்னது இதற்காகத்தான். மார்க்கருக்கு வெளியே கண்ணை மூடிக்கொண்டு நிட், உள்ளே கண்ணைத் திறந்துகொண்டு படித்துப் போடுங்கள்.

38 முடிந்ததும் காது முனை வந்திருக்கும். 39 முதல் 44 வரை மறுபடி வெற்றிடம், 7, 8 வரிசைகள் போலவே. 45 முதல் 50 வரை முழுக்க நிட், 51-ல் கண்ணிகளை மூடிவிடலாம். மூடும்போது கை இறுக்கினால் மேல் விளிம்பு சுருங்கிச் சதுரம் சரிவகம் ஆகிவிடும், கொஞ்சம் தளர்வாகவே விடுங்கள். இறுக்கிப் பிடிக்கிற கை என்றால் மூடுவதற்கு மட்டும் ஒரு அளவு பெரிய ஊசி எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வரிசையில் இருக்கிறோம் என்று மறந்துபோவது சகஜம். போன் வரும், பால் பொங்கும், திரும்பி வந்தால் 23-ஆ 25-ஆ என்று தெரியாது. தாளில் டிக் அடித்துக்கொண்டே போவது ஒரு வழி. அதைவிட நம்பகமான கணக்கு துணியிலேயே இருக்கிறது: ஓரத்துக் கார்ட்டரில் நல்ல பக்கம் ஒரு மடிப்புக்கோடு தெரிந்தால் அது ரெண்டு வரிசை. ஆறு கோடு இருந்தால் 12 முடிந்தது, அடுத்தது தாடை. பன்னிரண்டு கோடு என்றால் 24 முடிந்தது, அடுத்தது கண்.

புதியவர்களுக்கு வருகிற கோளாறுகளில் முதலிடம், கண்ணி எண்ணிக்கை தானாகக் கூடுவது. 33 இருந்தது 35 ஆகிவிடும், எங்கிருந்து வந்தது என்றே புரியாது. காரணம் அநேகமாக நூல் நிற்கிற இடம். நிட் போடும்போது நூல் துணிக்குப் பின்னால் இருக்கவேண்டும், பர்ல் போடும்போது முன்னால். நிட்டிலிருந்து பர்லுக்கு மாறுகிற ஒவ்வொரு தடவையும் நூலை ரெண்டு ஊசி முனைகளுக்கும் நடுவே கொண்டுவரவேண்டும். அப்படியில்லாமல் ஊசியின் மேலே சுற்றிக்கொண்டுவந்தால் அந்தச் சுற்று ஒரு போலிக் கண்ணியாக உட்கார்ந்துவிடும், அடுத்த வரிசையில் அதையும் பின்னுவீர்கள், கீழே ஒரு ஓட்டை விழும். கண் வருகிற வரிசையில் மட்டும் ஆறு தடவை நூல் முன்னும் பின்னும் போகிறது, போலிக் கண்ணி ஏறுவதற்கு அங்கேதான் வாய்ப்பு அதிகம். வரிசை முடிவில் நடு 25-ஐ எண்ணிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

அடுத்தது, கன்னத்தின் நடுவில் பர்ல் போடவேண்டிய இடத்தில் ஒரே ஒரு நிட் விழுந்து, அதை நாலு வரிசை தாண்டிப் பார்க்கிறோம். உடனே எல்லாவற்றையும் பிரிக்கத் தோன்றும். வேண்டாம். தப்பான கண்ணிக்கு நேர் மேலே உள்ள கண்ணி வரை பின்னிக்கொண்டு வந்து, அந்த ஒரு கண்ணியை மட்டும் ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். அது கீழே இறங்க இறங்கக் குறுக்கே ஏணிப்படி மாதிரி நூல்கள் நிற்கும். தப்பு இருக்கிற வரிசையும் அவிழ்ந்ததும் நிறுத்துங்கள். இப்போது குரோஷா ஊசியை அந்தக் கண்ணிக்குள் முன்னாலிருந்து விட்டு, பின்னால் நிற்கும் முதல் படியைக் கொக்கியில் மாட்டி வெளியே இழுத்தால் ஒரு நிட். அடுத்த படி, அடுத்த நிட். பர்ல் வேண்டுமென்றால் துணியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு இதையே செய்யுங்கள், பின்பக்கம் நிட் போட்டால் முன்பக்கம் பர்ல்தானே. கடைசிப் படியை ஏற்றியதும் கண்ணியை ஊசியில் திரும்ப மாட்டிவிடுங்கள். முதல்தடவை கண்ணியை நழுவ விடும்போது நெஞ்சு பதறும், அக்ரிலிக், பருத்தி எதுவானாலும் பக்கத்துக் கண்ணிகள் இறங்காது, பயப்படவேண்டியதில்லை.

பாதி பின்னும்போது உருவம் பெரிதாகத் தெரியாது, வெறும் குழப்பமாக இருக்கும். மடியில் வைத்துப் பார்க்காதீர்கள். எதிர்ச் சுவரில் சாய்த்துவைத்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி பாருங்கள். ஜன்னலோர வெளிச்சம் ரொம்ப நல்லது, நேர் எதிரே டியூப்லைட் அடித்தால் நிழலே இல்லாமல் பூனை மறைந்துவிடும்.

இன்னொன்றையும் அப்போது கவனிப்பீர்கள். தாடையும் தலை உச்சியும் நன்றாக எழும்பி நிற்கும், ஆனால் கன்னத்தின் பக்கவாட்டு ஓரம் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். உங்கள் கையில் குறை இல்லை. பர்ல் புடைப்புகள் குறுக்கே வரிசையாக நின்றால் முன்னால் தள்ளிக்கொண்டு வரும், நெடுக்காக நின்றால் பக்கத்து நிட் கண்ணிகள் முன்வந்து அவற்றைப் பின்னால் அமுக்கும். ஸ்வெட்டரின் மணிக்கட்டில் வருகிற ரிப் இழுத்தால் விரிந்து விட்டால் சுருங்குவது இதனால்தான். படம் வரையும்போது இது பெரிய விஷயம். நெடுக்காக ஒற்றைக் கண்ணி அகலத்தில் பர்ல் கோடு போட்டால் அது பள்ளத்தில் விழுந்து காணாமல் போகும். அதனால் மான் கொம்பு, கொக்கின் கால் இதெல்லாம் இந்த முறைக்கு ஒத்துவராது. தடித்த, வட்டமான, கால் குட்டையான ஜீவன்கள்தான் லாயக்கு: யானை, ஆமை, வாத்து, மீன், முயல்.

முகம் முழுக்க ஒரே புடைப்பாக இருப்பது பிடிக்கவில்லை என்றால், பர்ல் பகுதிக்குள் ஒன்றுவிட்டு ஒன்று நிட்டும் பர்லும் போட்டு, அடுத்த வரிசையில் இடம் மாற்றிப் போடலாம். பூனை இன்னும் தட்டையாக, பொடிப்பொடியான மேற்பரப்போடு வரும். ஆனால் அதற்கு இரட்டைப்படை வரிசைகளையும் ‘பார்த்ததைப் போடு’ என்று விட முடியாது. ரெண்டாவது சதுரத்தில் முயன்று பாருங்கள்.

பூனை கைக்கு வந்துவிட்டால் மற்ற மிருகங்கள் காதை மாற்றினால் வந்துவிடும். கரடிக்கு 33-ல் நிட் 4, பர்ல் 6, நிட் 5, பர்ல் 6, நிட் 4. 35-ல் நிட் 5, பர்ல் 4, நிட் 7, பர்ல் 4, நிட் 5. 37-ல் முழுக்க நிட். குட்டை வட்டக் காது, கரடி தயார். முயலுக்குக் காது நீளவேண்டும், ஆகவே தாடைக்குக் கீழே உள்ள 6 வெற்று வரிசையை 2 ஆகக் குறைத்துவிட்டு முகத்தைத் தொடங்குங்கள். காது தொடங்கும் இடத்திலிருந்து நிட் 6, பர்ல் 4, நிட் 5, பர்ல் 4, நிட் 6 என்று நல்ல பக்கத்தில் ஐந்து தடவை போட்டால் மொத்த உயரம் மாறாமல் காது நீண்டுவிடும். பெரிய சதுரம் வேண்டுமா, பூனையைத் தொடாதீர்கள், சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும் கூட்டுங்கள்: பக்கத்துக்கு 4 கண்ணி, மேலும் கீழும் 6 வரிசை சேர்த்தால் சுமார் 20 செ.மீ. வரும்.

சொந்தமாக வரைவதாக இருந்தால் கிராஃப் தாளில் ஒரு கட்டம் ஒரு கண்ணி என்று வையுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கண்ணி சதுரம் கிடையாது, அகலம் அதிகம், உயரம் குறைவு, நம் கணக்கில் 5 கண்ணி அகலம் 7 வரிசை உயரத்துக்குச் சமம். ஒரு கட்டத்துக்கு ஒரு வரிசை என்று வைத்தால் யானை சப்பையாக வரும். நான் பூனைக்குச் செய்தது போல் ஒரு கட்டத்துக்கு ரெண்டு வரிசை வைத்தால் உருவம் நெடுக்கும். ஆகவே தாளில் கொஞ்சம் சப்பையாகவே வரையவேண்டும், மேலே உள்ள பூனையும் தாளில் 17 கட்டம் அகலம், 13 கட்டம் உயரம்தான், துணியில் அது 8.5 செ.மீ.க்கு 9 செ.மீ. சொச்சம். ரெண்டு வரிசை முறையில் உள்பக்கம் யோசிக்கவே வேண்டாம் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

பின்னி முடித்த சதுரம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். பருத்தியோ உண்மைக் கம்பளியோ என்றால் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, ஒரு மெத்தை மேல் 16.5 செ.மீ.க்கு நாலு மூலையையும் குண்டூசி குத்திக் காயவிடுங்கள். அக்ரிலிக் தண்ணீருக்கு மசியாது. குண்டூசி குத்திவிட்டு, ஸ்டீம் இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் மேலே பிடித்து ஆவி மட்டும் காட்டவேண்டும். பெட்டியைத் துணிமேல் வைத்துவிட்டால் நூல் இளகிச் செத்துப்போகும், புடைப்பெல்லாம் அமுங்கிப் பூனை அழிந்துவிடும், அதை மறுபடி எழுப்பவே முடியாது.

சின்னக் குழந்தைப் போர்வைக்கு அகலத்தில் 5, நீளத்தில் 6 என்று 30 சதுரம் வைத்தால் ஏறக்குறைய 82-க்கு 99 செ.மீ., நூல் சுமார் 600 கிராம். முப்பதிலும் மிருகம் வேண்டாம், கண் கூசும். ஒன்றுவிட்டு ஒன்று வெறும் கார்ட்டர் சதுரம் வைத்தால் மிருகங்கள் எடுப்பாகத் தெரியும், கைக்கும் ஓய்வு. கார்ட்டரின் வரிசைகள் நெருக்கமாக விழும் என்பதால் அந்தச் சதுரங்களுக்கு 50 வரிசை போதாது, 66 வரை போகும், எண்ணாமல் பூனைச் சதுரத்தின் மேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். துண்டு துண்டாகச் செய்து சேர்ப்பதில் உள்ள சௌகரியமே இதுதான், பஸ்ஸில் கூடக் கைப்பையில் ஒரு சதுரம் போகும். 2016-ல் சென்னையில் மதர் இண்டியாஸ் குரோஷே குயின்ஸ் குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வை செய்து கின்னஸ் சாதனை படைத்ததும் இந்த வழியில்தான். அது குரோஷா வேலை, ஆனால் ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் ஒவ்வொரு துண்டாகச் செய்து கொண்டுவந்து சேர்த்தது.

சேர்ப்பதற்கு அதே நூலைக் கோர்த்து, ரெண்டு சதுரத்தையும் நல்ல பக்கம் மேலே தெரியப் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள். கார்ட்டர் ஓரத்தில் இடப்பக்கம் ஒரு மடிப்புக்கோட்டின் முனைப் புடைப்பில் ஊசியைவிட்டு, வலப்பக்கம் அதே உயரத்துக் கோட்டின் முனையில் விட்டு, மாற்றி மாற்றிப் போய் ரெண்டு அங்குலத்துக்கு ஒருமுறை நூலை மெதுவாக இழுங்கள். பூனைச் சதுரங்களின் பக்கத்தில் கோடு 25, இந்தப் பக்கமும் 25 அந்தப் பக்கமும் 25, கோடுக்குக் கோடு சேர்ந்தால் மூலை தானாகப் பொருந்தும். கார்ட்டர் சதுரத்தோடு சேரும்போது கோடு கூடுதலாக இருக்கும், அப்போது மூலைக்கு மூலை குண்டூசி குத்திவிட்டு இடையில் அங்கங்கே ஒரு கோட்டைத் தாண்டிப் போகலாம். முதலில் குறுக்கு வரிசைகளாக ஐந்தைந்தைச் சேர்த்துவிட்டு, அப்புறம் அந்த ஆறு பட்டைகளையும் நீளவாக்கில் சேருங்கள். நூல் வால்களை அரை சாண் நீளமாவது விட்டு, பின்பக்கம் கார்ட்டர் ஓரத்துக்குள்ளேயே ஒளியுங்கள். ஸ்டாக்கினெட் பகுதியில் ஒளித்தால் முன்னால் தடித்துத் தெரியும்.